ஃபைபர் வள்ளத்தில் ஜிபிஎஸ்ஸும் மீன்காட்டியும் சேர்ந்த கருவி: பொருத்துவது முதல் பார் (கடலடிப் பாறைத்திட்டு) பிடிப்பது வரை

"திரையில வெறும் புள்ளியும் கோடுமாத்தான் வருது, தரையே தெரியல" என்று வருகிறவர்களிடம் நான் திரையைக் காட்டச் சொல்வதில்லை. வள்ளத்தின் பின்பக்கம் போய்க் குனிந்து அடியைப் பார்ப்பேன். டிரான்ஸ்டூசர், அதாவது ஒலியை அனுப்பிக் கேட்கும் துண்டு, எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கருவிக்கு நல்ல பணம் கொடுக்கிறோம். அந்தப் பணத்துக்குப் பலன் கிடைப்பது, கையில் அடங்கும் அந்தக் கறுப்புத் துண்டை எப்படிப் பொருத்துகிறோம் என்பதில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு அதற்கே போகிறது.

நான் எழுதுவது தூத்துக்குடி, நெல்லை, குமரிக் கரைகளில் மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் வள்ளங்களை மனதில் வைத்து. துறைமுகத்தில் கட்டும் விசைப்படகுக்கு அடியைத் துளைத்தே டிரான்ஸ்டூசர் வைக்கலாம், அது படகு கட்டும் பட்டறையின் வேலை. மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொது.

கருவி என்ன செய்கிறது

டிரான்ஸ்டூசர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். 20 பாகம் (ஒரு பாகம் 6 அடி) ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். கருவி அந்த நேரத்தை ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. ஜப்பானில் ஃபுருனோ நிறுவனம் 1948-ல் மீன்பிடிப்புக்கென்று முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கருவியிலிருந்து இன்றைய வண்ணத் திரைவரை அடிப்படை இதுதான்.

ஒலி கூம்பு வடிவத்தில் விரிந்து இறங்கும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு ஒடுக்கம், படம் துல்லியம். 50 கிலோஹெர்ட்ஸில் கூம்பு அகலம், ஆழத்துக்கும் எட்டும். கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால், 20 பாகம் ஆழத்தில் தரையில் 7 பாகம் அகலமுள்ள வட்டத்தைத்தான் அது பார்க்கிறது. 45 டிகிரி என்றால் 16 பாகத்துக்கு மேல். இதை மறக்காதீர்கள். திரையில் தெரியும் மீன் வள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த வட்டத்துக்குள் எங்கேயாவது இருக்கிறது, அவ்வளவுதான். 40 பாகத்துக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு 200 போதும். இரண்டும் உள்ள டிரான்ஸ்டூசர் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்டூசரை எங்கே வைப்பது

பெட்டியோடு வரும் குறிப்பேடு, பின்பலகையின் வெளிப்புறத்தில் திருகச் சொல்லும். தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு அது சரி. நம் வள்ளத்தை டிராக்டர் கட்டி மணலில் இழுக்கிறோம். பின்பலகைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் எதுவும் எத்தனை நாள் தாங்கும்? அதனால் நம் கரைக்கு இரண்டு வழிகள்தான் நடைமுறையில் நிற்கின்றன: வள்ளத்துக்கு உள்ளேயிருந்து ஃபைபர் வழியாகப் பார்க்கும்படி ஒட்டுவது, அல்லது கழற்றி மாட்டும் குழாயில் கட்டுவது. என் வாக்கு முதல் வழிக்கு.

உள்ளே ஒட்டுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த இடத்தில் கடலுக்கும் டிரான்ஸ்டூசருக்கும் நடுவே கெட்டியான ஃபைபர் மட்டும்தான் இருக்க வேண்டும். மிதப்புக்காக அடைத்த ஃபோமோ, தெர்மாகோலோ, நடுவில் வைத்த பிளைவுட்டோ இருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும். காற்று சிறைப்பட்ட எந்தப் பொருளும் ஒலிக்குச் சுவர் மாதிரி. பெரும்பாலான வள்ளங்களில் பின்பக்கம் தண்ணீர் தேங்கி இறைக்கிற இடத்தில் மேல்தட்டு இல்லாமல் அடி நேராகக் கைக்குக் கிடைக்கும். அங்கேதான் தேட வேண்டும். ஓடும்போதும் அந்தப் பகுதி தண்ணீரை விட்டு எழக் கூடாது. அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், வைத்தால் அலைக்கு அலை தூக்கி அடிக்கும், படம் வராது.

ஒட்டுவதற்கு முன்னால் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. கடலில் 10 பாகம் அளவில் இன்ஜினை நிறுத்திவிட்டு, டிரான்ஸ்டூசரை வெளியே தண்ணீரில் பிடித்துத் திரையைப் பாருங்கள், ஆழத்தையும் தரைக்கோட்டின் தடிப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே அந்த இடத்தில் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர் நிற்க விட்டு, டிரான்ஸ்டூசரை அதில் அமுக்கி வையுங்கள். ஆழம் அதே எண்ணாக வந்து, தரைக்கோடு கொஞ்சம் மட்டும் மெலிந்தால் இடம் நல்ல இடம். ஆழம் குதித்துக் குதித்து மாறினால் அரை முழம் தள்ளிப் பாருங்கள். மூன்று நான்கு இடம் பார்த்தாவது நல்லதைக் கண்டுபிடியுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. வள்ளம் கரையேறி நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பெயிண்டும் பழைய டீசல் பிசுக்கும் போய், ஃபைபரின் நார் மங்கலாகத் தெரியும் வரை. அசிட்டோன் நனைத்த துணியால் அந்த ஃபைபரைத் துடைத்துக் காய விடுங்கள். (அசிட்டோன் டிரான்ஸ்டூசர் மேல் படக் கூடாது, அதன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.) மெதுவாக இறுகும் எபாக்சியை வாங்கி, அடித்துக் கலக்காமல் குச்சியால் நிதானமாகச் சுற்றுங்கள். தேய்த்த இடத்தில் கால் அங்குலம் உயரத்துக்குக் குளம் போல ஊற்றி, டிரான்ஸ்டூசரின் ஒரு ஓரத்தை முதலில் இறக்கி, மறு ஓரத்தை மெல்லச் சாய்த்து, இடமும் வலமும் திருகியபடி அமுக்குங்கள். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து வெடிப்பது தெரியும். அது நிற்கும் வரை திருகுங்கள். மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஒரு நாள் தொடாதீர்கள்.

காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோதான் இதைச் செய்ய வேண்டும். சித்திரை மாத நண்பகலில் ஒரு வள்ளத்துக்கு ஒட்டினேன். கலந்த எபாக்சி கோப்பையிலேயே சூடேறிப் புகைந்தது, அவசரத்தில் அதையே ஊற்றிவிட்டேன். இறுகின பிறகு பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரிக் குமிழி. 5 பாகம் தாண்டினால் ஆழமே வரவில்லை. உளி வைத்துப் பெயர்த்ததில் டிரான்ஸ்டூசரும் போய்விட்டது. வள்ளக்காரருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெயில் நேரத்தில் எபாக்சி டப்பாவைத் திறப்பதில்லை. சிலிக்கானால் ஒட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது ரப்பர் மாதிரி ஒலியை உறிஞ்சும்.

உள்ளே ஒட்டினால் இரண்டு இழப்பு உண்டு. திரையில் வரும் வெப்பநிலை கடலுடையதாக இருக்காது, வள்ளத்தின் அடியுடையதாக இருக்கும். பக்கவாட்டுப் படம், கீழ்ப்படம் என்று புகைப்படம் போலக் காட்டும் வசதிகள் ஃபைபர் வழியாக வேலை செய்யாது. அந்த வசதிக்காகவே விலை கொடுத்தவர்கள் குழாய் வழிக்குப் போக வேண்டும்: ஒன்றரை அங்குல ஸ்டீல் குழாயின் அடியில் டிரான்ஸ்டூசர், மேலே வள்ளத்தின் விளிம்பில் இறுக்கும் கிளாம்ப். இன்ஜினைக் குறைத்த பிறகு இறக்கி, ஓடும்முன் தூக்கிவிட வேண்டும்.

இல்லை, பின்பலகையில்தான் வைப்பேன் என்கிறவர்களுக்குச் சுருக்கமாக. இன்ஜின் விசிறியிலிருந்து (புரொப்பெல்லர்) குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி, பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி கடிகார முள் திசையில் சுற்றினால் வலப்பக்கம் வையுங்கள். அடி முகம் வள்ளத்தின் அடிமட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே, தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் வரிக்கட்டையோ திருகுத்தலையோ இருக்கக் கூடாது. துளைக்குள் மரைன் சீலண்ட் நிரப்பிவிட்டுத்தான் திருக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே ஊறிப் பின்பலகை மரம் இற்றுப்போகும்.

வயரும் பேட்டரியும்

5 முதல் 7 அங்குலத் திரையுள்ள கருவி ஏறக்குறைய 1 ஆம்பியர் எடுக்கும். சாயங்காலம் போய்க் காலையில் வரும் தொழிலுக்கு 12 மணி நேரம் என்றால் 12 ஆம்பியர்-மணி. சாதாரண பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதோடு விளக்கும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் உண்டு. அதனால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைக் கருவிக்கென்றே ஒதுக்குங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன அவுட்போர்டுகளில் பல பேட்டரியை ஏற்றாது என்பதால் வீட்டில்தான் சார்ஜ் போட வேண்டியிருக்கும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள இன்ஜினோடு ஒரே பேட்டரியைப் பகிர்ந்தால், ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து கருவி அணைந்து எரியும்.

சிவப்பு வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், குறிப்பேட்டில் சொன்ன அளவு ஃபியூஸ். சின்னக் கருவிகளுக்கு பெரும்பாலும் 3 ஆம்பியர். ஃபியூஸ் போன அவசரத்தில் கம்பியைச் சுற்றிவிடாதீர்கள், வள்ளத்தில் பெட்ரோல் இருக்கிறது. வயர்களை முறுக்கி டேப் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்து, விரலால் தேய்த்தாலே பொடியாகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்கி, பற்றவைத்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினால் பல வருடம் கிடக்கும். டிரான்ஸ்டூசர் கேபிள் நீளமாக மிஞ்சினால் சுருட்டிக் கட்டுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். இன்ஜின் வயரோடும் விஎச்எஃப் ஆன்டெனா கேபிளோடும் சேர்த்து இழுத்தால் திரை முழுக்க மழை பெய்வது போல் கோடு விழும்.

திரையை இன்ஜின் பிடிக்கிறவர் உட்கார்ந்தபடி பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஃபைபர் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் எடுக்கும், தகரக் கூரைக்குக் கீழே எடுக்காது. பக்கத்தில் காந்தத் திசைகாட்டி இருந்தால் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது

முதல் வேலை, சிமுலேட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. கடையில் காட்டுவதற்காக அதை ஓட விட்டிருப்பார்கள். கரையில் கிடக்கும் வள்ளத்தில் அழகழகாக மீன் வந்தால் அதுதான் காரணம். தண்ணீர் வகையை உப்புநீர் என்று வையுங்கள். டிரான்ஸ்டூசரின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஆழத்தை அடியிலா மீட்டரிலா வைப்பது என்று கேட்கும். நான் ஃபேதம் என்பதைத்தான் வைக்கச் சொல்வேன், நம் பாகமும் அதுவும் ஒன்றே, 6 அடி. வீட்டுப் பெரியவர்கள் "பதினெட்டு பாகத்துல விளமீன் பார் இருக்குடே" என்று சொன்னதெல்லாம் அப்போது திரையில் அப்படியே பேசும்.

அடுத்தது, பாயிண்டை, அதாவது ஓர் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை, எழுதும் முறை. இங்கே நடக்கும் தவறு போல வேறெங்கும் நடப்பதில்லை. ஒரே இடத்தை டிகிரி-நிமிடம்-விநாடி என்றும் எழுதலாம், டிகிரி-நிமிடம்-நிமிடத்தின் தசமம் என்றும் எழுதலாம். ஒருவர் 8 டிகிரி 22.500 நிமிடம் என்று சொல்கிறார். கேட்டவர் கருவி விநாடி முறையில் இருக்கிறது, அவர் 22 நிமிடம் 50 விநாடி என்று போட்டுவிடுகிறார். 22.500 நிமிடம் என்றால் 22 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 20 விநாடி, கடலில் 600 மீட்டருக்கு மேல். பாரே இல்லாத சேற்றில் நின்றுகொண்டு பாயிண்ட் கொடுத்தவரைத் திட்டுவார்கள். தசம முறையையே எல்லோரும் வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஒரு வசதியும் உண்டு: வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். அப்படியானால் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர், அதாவது ஒரு பாகம். நம் அகலாங்கில் கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பாயிண்டுக்கு நடுவே எத்தனை பாகம் என்று எண்ணைப் பார்த்தே சொல்லலாம்.

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து வெளியிடும் மீன்வள வாய்ப்பு அறிவிப்புகளில் இடத்தை விநாடி முறையில் கொடுப்பார்கள். விநாடியை 60-ஆல் வகுத்தால் தசமம் வந்துவிடும். அதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

திரையைப் படிப்பது

திரையின் வலது ஓரம்தான் இப்போது. இடது பக்கம் போகப் போக எல்லாம் கடந்துபோன கதை. வள்ளம் அசையாமல் நின்றாலும் படம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்து நீளமான தரை என்று நினைக்கக் கூடாது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம், அதனால்தான் வில் போலத் தெரிகிறது. நின்ற வள்ளத்துக்குக் கீழே நின்ற மீன் வில்லாக வராது, நீளக் கோடாக வரும்.

மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். குமிழியையும் குப்பையையும் சொறியையும் (ஜெல்லிமீன்) மீன் என்றே அது காட்டும். உணர்திறனை, அதாவது கெயினை, கையால் வையுங்கள்: திரையில் பொடிப் புள்ளிகள் தூவும் வரை கூட்டி, அவை மறையும் அளவுக்கு ஒரு படி குறைத்தால் சரியான இடம். ஆழம் மாறினால் மறுபடி பாருங்கள்.

அப்புறம், மீனைத் தேடாமல் தரையைப் படிக்கப் பழகுங்கள். இந்தக் கருவியின் பெரிய பலன் அதில்தான் இருக்கிறது. மீன் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது, பார் அங்கேயேதான் இருக்கும். சேறு என்றால் தரைக்கோடு மெலிந்து, கீழே மங்கிக் கரையும். கல் என்றால் கோடு தடித்து, நிறம் அழுத்தமாக வரும். நல்ல கெட்டித் தரையில் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கில் இரண்டாவது தரை ஒன்று தெரியும். ஒலி தரையில் பட்டு, மேலே வந்து, மறுபடி கீழே போய்த் திரும்பியதன் அடையாளம் அது. அந்த இரண்டாவது கோடு திடீரென்று தோன்றும் இடத்தில் கவனமாக இருங்கள். சேறு முடிந்து கல் தொடங்கும் அந்த ஓரத்தில்தான் விளமீனும் களவாவும் நிற்கும்.

சாளை, நெத்திலிக் கூட்டம் நடுத்தண்ணீரில் மேகம் போலத் தெரியும். அதற்குக் கீழே தனித்தனி வில்கள் இருந்தால் பெரிய மீன் மேய்கிறது. மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பை இல்லாத கணவாய், திருக்கை, சுறா எல்லாம் மங்கலாகத்தான் வரும். கணவாய்த் தூண்டில்காரர்கள் கெயினைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருங்கள்.

பாயிண்ட் போடுவதும் நங்கூரம் இறக்குவதும்

என் அப்பா மணப்பாட்டு மேட்டிலுள்ள திருச்சிலுவைக் கோயிலையும், அதற்குப் பின்னால் உள்நாட்டில் தெரியும் மலையையும் ஒரு கோட்டில் சேர்த்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கல் இறக்குவார். திருவனந்தபுரம் கரையில் இதைக் கணிச்சம் என்பார்கள். மூடல் போட்டால் அந்தக் கணக்கு நடக்காது, இரவிலும் நடக்காது. ஜிபிஎஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கிய பிறகு, சில மீட்டர் துல்லியத்தில் இடம் கிடைக்கிறது.

பாரின் உச்சி திரையில் தெரிந்ததும் பாயிண்ட் பொத்தானை அமுக்குகிறோம். அதற்குள் வள்ளம் கொஞ்சம் கடந்திருக்கும். அதனால் ஒரு தடவை போட்டதை நம்பாதீர்கள். வேகத்தைக் குறைத்து, எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்து இன்னொரு பாயிண்ட் போடுங்கள். பிறகு குறுக்காக ஒரு ஓட்டம். மூன்று நான்கு பாயிண்ட் விழுந்ததும் நடுவிலுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

நங்கூரம் இறக்கும்முன் இன்ஜினை நிறுத்தி, பாருக்கு மேல் ஐந்து நிமிடம் சும்மா மிதக்க விடுங்கள். வரைபடத்தில் ட்ராக் கோடு ஒரு பக்கமாக நீளும். நீவாடும் (நீரோட்டமும்) காற்றும் சேர்ந்து வள்ளத்தை இழுக்கும் திசை அதுதான். இப்போது அந்தக் கோட்டின் நேரெதிர்ப் பக்கம், பாரைத் தாண்டிப் போங்கள். ஆழத்தைப் போல் மூன்று மடங்கு கயிறு விடுவதாக இருந்தால், அதற்கு ஏறத்தாழ அவ்வளவு தூரம். அங்கே இறக்கிக் கயிற்றை விட்டால் வள்ளம் பின்னால் வந்து பாரின் ஓரத்தில் நிற்கும். இப்படிச் செய்தால் நங்கூரம் பாரின் மேல் விழாமல் தள்ளி விழும், பவளமும் உடையாது, நங்கூரமும் மாட்டிக்கொண்டு போகாது.

நின்ற வள்ளத்தில் ஜிபிஎஸ் காட்டும் திசையை நம்பாதீர்கள். அது நகர்வதை வைத்துத்தான் திசை சொல்கிறது. வள்ளம் ஓடத் தொடங்கிய பிறகே அம்பு சரியாகத் திரும்பும்.

எல்லையும் ஆபத்தும்

இந்தியா-இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் புள்ளி புள்ளியாகக் குறிக்கப்பட்டது. உங்கள் தொழில் அந்தப் பக்கம் என்றால், கருவியோடு வந்த வரைபடக் கோட்டை மட்டும் நம்பாமல், எல்லைக்கு நம் பக்கம் இரண்டு மூன்று கடல் மைல் உள்ளே பாயிண்ட்களை வரிசையாகப் போட்டு, நெருங்கினால் ஒலிக்கும் அலாரம் வையுங்கள். பாயிண்ட்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் அலாரம் வட்டங்களுக்கு நடுவே புகுந்து போய்விடலாம், நெருக்கமாகப் போடுங்கள். இரவில் வலையை விட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில்தான் நீவாடு தூக்கிக்கொண்டு போகும். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலியிலும் எல்லை எச்சரிக்கை உண்டு, இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லையையும் இதே மாதிரிப் போட்டு வையுங்கள்.

ஆள் தவறிக் கடலில் விழுந்தால் அழுத்த எம்ஓபி என்று ஒரு பொத்தானோ கட்டளையோ இருக்கும். வள்ளத்தில் வரும் எல்லோருக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள், கருவி தெரிந்தவரே விழலாம். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ விஎச்எஃப் 16-ஆம் சேனலிலோ உதவி கேட்கும்போது இடத்தை வாசித்துச் சொல்லவும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பழகியிருக்க வேண்டும். எண்ணை வாசிப்பதோடு எந்த முறை என்பதையும் சொல்ல வேண்டும்: "எட்டு டிகிரி, இருபத்திரண்டு புள்ளி ஐந்து பூஜ்யம் பூஜ்யம் நிமிடம் வடக்கு" என்று.

கரைக்கு வந்த பிறகு

நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் திரையைத் துடையுங்கள். காய்ந்த உப்பின் மேல் உலர்ந்த துணியைப் போட்டால் கீறல் விழும். பிளக்கைக் கழற்றினால் மூடியைப் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை பாயிண்ட்களை மெமரி கார்டில் ஏற்றிக் கார்டை வீட்டில் வையுங்கள். முக்கியமான பார்களை நோட்டிலும் எழுதுங்கள்: பாயிண்ட், பாகம், அன்றைய நீவாடு எந்தப் பக்கம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன மீன் ஏறியது. கருவி கடலில் போனாலும் இன்னொன்று வாங்கிவிடலாம், பத்து வருடப் பாயிண்ட்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.